அலென்ஸ்வொர்த் எந்தப் பஞ்சாயத்து?

"ஏம்மா, இது எந்தப் பஞ்சாயத்து?"

காரை விட்டு இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். 2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ஆறு மாத விசாவில் எங்களுடன் இருக்க வந்திருந்தார். விளாத்திகுளம் பக்கம் 31 வருடம் பஞ்சாயத்து கிளார்க்காக வேலை பார்த்தவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்துக்கு முன்னால் தண்ணீர் டேங்கைத்தான் அவர் கண் தேடும்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் எங்கள் வீட்டிலிருந்து 43ஆம் எண் சாலையில் வடக்கே போனால், ஒரு மணி நேரத்துக்குள் அலென்ஸ்வொர்த் வந்துவிடும். வழி நெடுக பாதாம், பிஸ்தா தோட்டங்கள். பிறகு அதுவும் குறைந்து வெட்டவெளி. கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், தூலாரே கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது இந்த ஊர். சுமார் 500 பேர். பெரும்பாலும் பண்ணை வேலைக்குப் போகும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே, பழைய ஊரின் கட்டடங்களைத் திருப்பி எழுப்பி மாநில வரலாற்றுப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது அதைப் பார்க்கத்தான்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் ஊரில் பத்து வீடு உள்ள குக்கிராமமும் ஏதாவது ஒரு ஊராட்சியில்தான் இருக்கும். தலைவர், வார்டு மெம்பர் என்று போய்க் கேட்க ஆள் இருக்கும். இங்கே அப்படி இல்லை. மக்கள் சேர்ந்து நகராட்சியாகப் பதிவு செய்துகொண்டால்தான் ஊருக்கு மேயரும் மன்றமும். பதிவாகாத ஊருக்குச் சாலை, போலீஸ், கட்டட அனுமதி எல்லாமே கவுண்டிதான். தூலாரே கவுண்டியை ஐந்து பேர் கொண்ட குழு விசேலியா நகரத்தில் உட்கார்ந்து நடத்துகிறது. அலென்ஸ்வொர்த்தில் தண்ணீருக்கு மட்டும் ஊர்க்காரர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு அமைப்பு உண்டு.

"அப்போ ரோட்டுல ஒரு குழி விழுந்தா விசேலியாவுக்குப் போகணுமா?" என்றார்.

"ஆமாப்பா."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். மேலே வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் நசுக்கியதும் மாவு போல உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "களர். நல்லா உப்புப் பூத்துருக்கு. இதுலயா வந்து குடியேறுனாங்க?"

இதில்தான் குடியேறினார்கள். யார், ஏன் என்பது தெரிந்தால்தான் இந்த ஊரின் அருமை புரியும்.

ஆலன் அலென்ஸ்வொர்த் 1842இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தவர். முதலாளி வீட்டுப் பையனோடு பள்ளிக்கூட விளையாட்டு விளையாடி எழுத்துக் கற்றுக்கொண்டார். அது குற்றமாகிவிட்டது. படிக்கப் பார்த்தான் என்பதற்காகவே தாயிடமிருந்து பிரித்து விற்றுவிட்டார்கள். உள்நாட்டுப் போர் வந்தபோது, அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலமான இலினாயின் 44ஆம் படைப்பிரிவு லூயிவில்லில் முகாமிட்டிருந்தது. அந்தச் சிப்பாய்கள் கொடுத்த பழைய ராணுவக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முகத்தில் சேற்றைப் பூசிக்கொண்டு, அணிவகுப்போடு அணிவகுப்பாக அதே ஊர்த் தெரு வழியே நடந்து விடுதலைக்குப் போனார் அவர். நான் இந்த இடத்தைச் சொன்னபோது அப்பா நடையை நிறுத்திவிட்டார். "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன்.

பிறகு கடற்படையில் சேர்ந்தார். பாப்திஸ்த போதகரானார். 1886இல் கறுப்பினப் படைவீரர்களின் 24ஆம் காலாட்படைக்குப் போதகராக நியமிக்கப்பட்டார். 1906இல் ஓய்வு பெற்றபோது லெஃப்டினன்ட் கர்னல். அந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. வில்லியம் பெய்ன் என்ற ஆசிரியரோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து, கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே ஆண்டுகொள்ளும் ஓர் ஊரை 1908இல் நிறுவினார். சாண்டா ஃபே ரயில் பாதையில் ஸோலிட்டோ என்றொரு நிறுத்தம் இருந்தது. அதை ஒட்டிய நிலத்தை பசிஃபிக் ஃபார்மிங் கம்பெனி விற்றது. தண்ணீர் நாங்கள் தருகிறோம் என்று சொல்லித்தான் விற்றது.

தெருக்களுக்கு ஸோஜர்னர், டன்பர் என்று பெயர் வைத்தார்கள். அடிமை முறையை எதிர்த்துப் பேசிய ஸோஜர்னர் ட்ரூத், கவிஞர் பால் லாரன்ஸ் டன்பர். 1912இல் பள்ளிக்கூடம் கட்டினார்கள். பெய்ன் அதில் ஆசிரியர். 1913இல் கர்னலின் மனைவி ஜோசஃபின், தன் தாய் மேரி டிக்கின்சன் நினைவாக ஒரு நூலகம் அமைத்தார். 1914இல் ஆஸ்கர் ஓவர் என்ற ஊர்க்காரர், சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியானார். கலிஃபோர்னியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். கடை, தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் இருந்தன.

அந்த நூலகத்தின் முன்னால் வெகுநேரம் நின்றோம். சின்ன மரக் கட்டடம். எங்கள் ஊர் பகுதிநேர நூலகத்தின் அளவுதான் இருக்கும். கர்னல் தன் சொந்தப் புத்தகங்களையும் இதற்குக் கொடுத்தார். எழுத்தைத் தொட்டதற்காக விற்கப்பட்ட பையன், தன் ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கிறார். அந்த வாசற்படியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் வந்ததுதான் 1914. ரயில் நிறுவனம் பக்கத்து ஊரான அல்பாவுக்குக் கிளைப் பாதை போட்டது. சரக்கு ஏற்றி இறக்கும் வியாபாரம் அங்கே போய்விட்டது. அந்த வருடம் செப்டம்பரில் கர்னல், மன்ரோவியா என்ற ஊருக்குப் பேசப் போயிருந்தார். தெருவைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதி இறந்துபோனார். மறு வருடம், இங்கே ஒரு தொழிற்கல்விக் கல்லூரி அமைக்கும் கோரிக்கையை மாநிலச் சட்டமன்றம் தள்ளிவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம் ஊர் தாங்கியிருக்கும். தண்ணீர்ப் பஞ்சத்தைத்தான் தாங்க முடியவில்லை. சொன்ன அளவுக்குக் கம்பெனி தண்ணீர் தரவில்லை. வழக்கும் வாக்குவாதமுமாக வருடங்கள் போயின. நீர்மட்டமோ இறங்கிக்கொண்டே போனது. விவசாயம் இல்லாத இடத்தில் இளைஞர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? ஒவ்வொரு வீடாகக் காலியானது. 1966இல் ஊர்க் குடிநீரில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது.

அப்பாவுக்கு ஃப்ளோரைடு தெரியும், உப்புத் தண்ணீர் தெரியும். ஆர்சனிக் புதிது. "காய்ச்சிக் குடிச்சா போயிடுமா?" என்று கேட்டார். போகாது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், விஷம் பாத்திரத்திலேயே நின்று இன்னும் அடர்த்தியாகும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணிலேயே இயற்கையாக இருப்பது அது. ஆழத்திலிருந்து உறிஞ்ச உறிஞ்சக் கூடவே ஏறி வரும். ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்குள்ள இன்றைய வரம்பு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் அசோக் காட்கில் குழு, இரும்பையும் மின்சாரத்தையும் வைத்து ஆர்சனிக்கைப் பிரிக்கும் முறையை முன்பு மேற்கு வங்கத்தில் ஒரு பள்ளியில் அமைத்தது. அதன் அடுத்த வடிவத்தை அலென்ஸ்வொர்த்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1971இல் தூலாரே கவுண்டி தன் பொதுத் திட்டத்தை வெளியிட்டது. அதில் சில ஊர்களைத் தாக்குப்பிடிக்காத ஊர்கள் என்று பட்டியல் போட்டார்கள். இவற்றுக்கு எதிர்காலம் இல்லை, குடிநீர், சாக்கடை வசதிக்குப் பணம் போட வேண்டாம், வசதி இல்லாவிட்டால் மக்கள் தாங்களாகவே வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், ஊர் இயல்பாகத் தேய்ந்துவிடும் என்று அச்சிலேயே எழுதிவைத்தார்கள். அலென்ஸ்வொர்த்தும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஊருக்குள் மேயர் இருந்தால் எழுந்து நின்று சண்டை போட்டிருப்பார். பதிவாகாத ஊருக்கு அந்த நாற்காலியே இல்லையே.

அப்பா இதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஃபைல்ல எழுதிட்டாங்கன்னா அதை அழிக்க ஒரு தலைமுறை ஆகும் தாயி." வாழ்க்கை முழுக்க ஃபைல்களோடு இருந்தவர் சொல்கிறார்.

அதே காலத்தில்தான் கார்னீலியஸ் எட் போப் வருகிறார். சிறுவயதில் இந்த ஊரில் வளர்ந்தவர். பிறகு மாநிலப் பூங்காத் துறையில் வரைவாளராக வேலை பார்த்தார். கட்டடங்கள் இடியும் முன் ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்று விடாமல் கேட்டவர் அவர். 1974இல் மாநில அரசு நிலத்தை வாங்கியது. கவுண்டி எதிர்காலம் இல்லை என்று எழுதி மூன்றே வருடம். இப்போது ஆண்டுதோறும் விழா நடக்கும் நாட்களில் பயணிகள் ரயிலும் இங்கே நிற்கிறது.

நாங்கள் போன அன்று நிற்கவில்லை. கிளம்பும்போது ஒரு சரக்கு ரயில் வந்தது. பூங்காவை ஒட்டியேதான் தண்டவாளம். தரை அதிர்ந்தது, பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. அப்பா பெட்டிகளை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

2023 மார்ச்சில் அவர் ஊரிலிருந்து ஃபோன் செய்தார். கலிஃபோர்னியா வெள்ளத்தை டிவியில் பார்த்திருக்கிறார். "அந்தக் கர்னல் ஊரு மூழ்கிடலையே?" என்றார். அலென்ஸ்வொர்த் இருப்பது பழைய தூலாரே ஏரியின் ஓரத்தில். ஒரு காலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. ஆறுகளைத் திருப்பிவிட்டு, ஏரியை வற்றவைத்து, வயலாக்கிவிட்டார்கள். அந்த வருட மழையில் ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. ஒரு நூற்றாண்டாகத் தண்ணீருக்கு ஏங்கிய ஊருக்கு, வெள்ளத்துக்குப் பயந்து வெளியேறச் சொல்லி உத்தரவு.

"யாரு வந்து பார்த்தாங்க? ஜேசிபி வந்துச்சா?" அப்பா விடவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊர்க்காரர்கள் போகவில்லை. ரயில் பாதைக்கு அடியில் இருந்த கல்வெர்ட் வழியாகத் தண்ணீர் வந்ததும், பலகையும் கல்லும் மண்ணும் கொண்டுபோய்த் தாங்களே அடைக்கப் பார்த்தார்கள். இரவும் பகலும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். வீடுகள் தப்பின.

"சரி, சரி" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டேங்குக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.