இரண்டாம் நாற்காலி

1936-இல் ஆண்டுக்கு 18,000 டாலர் சம்பளத்தில் சேர்ந்தவருக்கு அடுத்த சம்பள உயர்வு 1959-இல்தான் கிடைத்தது. அதுவும் 1,000 டாலர். 'ஹார்ப்பர்ஸ் பஸார்' என்ற அமெரிக்க ஃபேஷன் இதழில் டயானா வ்ரீலாண்டின் நிலைமை இது. பத்திரிகை வேலையில் இருப்பவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

அவர் வேலைக்கு வந்த கதையே வேடிக்கையானது. பாரிஸில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். லண்டனில் கொஞ்ச காலம் உள்ளாடைக் கடை நடத்தியிருக்கிறார். செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலில் வெள்ளை ஷனேல் உடையில் ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்துவிட்டு, பஸாரின் ஆசிரியர் கார்மெல் ஸ்நோ வேலைக்கு அழைத்தார். ஆபீஸ் பக்கமே போனதில்லை, மதியச் சாப்பாட்டு நேரம்வரை உடுத்தித் தயாரானதுகூட இல்லை என்றார் இவர். ஸ்நோ விடவில்லை.

முதலில் எழுதியது 'ஒய் டோன்ட் யூ?' என்ற பத்தி. பொன்னிற முடிக் குழந்தைக்கு, நுரை அடங்கிய பழைய ஷாம்பெயினில் தலையை அலசிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. அமெரிக்கா பொருளாதார மந்தத்திலிருந்து இன்னும் எழாத நேரம்! நகைச்சுவை எழுத்தாளர் எஸ்.ஜே. பெரல்மன் 'நியூயார்க்கர்' இதழில் இதைக் கிண்டலடித்து எழுதினார்.

நான் பெண்கள் இதழ் ஒன்றில் டிப்ஸ் பக்கம் பார்த்தவள். வாசகி வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி. முடியாது என்றால் பக்கத்தில் இடம் கிடையாது. வ்ரீலாண்டின் யோசனைகளில் பாதி அங்கேயே அடிபட்டிருக்கும். எனக்கென்னவோ, அவர் பத்தியை யாரும் செய்து பார்க்க வேண்டிப் படித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. இப்படியெல்லாம் நினைக்கக்கூட ஒரு தைரியம் வேண்டாமா?

ஆனால் அந்தத் தைரியத்துக்கு மேலே ஸ்நோ இருந்தார். பக்க வடிவமைப்புக்கு அலெக்ஸி ப்ரோடோவிச் இருந்தார். வ்ரீலாண்ட் கிளப்பிவிடுவதில் எது அச்சுக்குப் போக வேண்டும் என்று பார்க்க வேறு கண்கள் இருந்தன. லாரன் பகால் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணை அவர் கண்டெடுத்து, 1943 மார்ச் அட்டையில் அந்த முகம் வந்து, ஹாலிவுட் அழைத்தது இந்த ஏற்பாட்டில்தான்.

ஸ்நோ விலகியபோது ஆசிரியர் பதவி அவருடைய அண்ணன் மகள் நான்சி வைட்டுக்குப் போனது. எந்த அலுவலகத்தில் இல்லை இது? சரி, 1962-இல் வ்ரீலாண்ட் 'வோக்' என்ற போட்டி ஃபேஷன் பத்திரிகைக்கு மாறினார். அடுத்த ஆண்டே தலைமை ஆசிரியர். கேட்க ஆளில்லை. விலங்கு ரோமக் கோட்டுகளைப் படமெடுக்க புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடனையும் மாடல் வெருஷ்காவையும் ஜப்பானின் பனிக்கு அனுப்பினார். 1966-இல் வெளிவந்த அந்தப் படங்கள் இன்றும் அசத்துகின்றன. அந்தப் பில்லைக் கணக்குப் பிரிவில் பிரித்துப் பார்த்தவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

விளம்பரங்கள் குறைந்தன. 1971-இல் அவரை வெளியேற்றினார்கள். அவருக்குக் கீழே இருந்த கிரேஸ் மிராபெல்லா அந்த நாற்காலிக்கு வந்து, சிவப்பாக இருந்த அறைக்கு வெளிர் பழுப்பு அடித்தார். நிர்வாகம் என்ன எதிர்பார்த்தது என்பதை அந்தப் பெயின்டே சொல்லிவிட்டது.

பஸாரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், வோக்கின் தலைமையில் எட்டு. நான் வேலை பார்த்த இடங்களிலும் இதே கணக்கைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கூட்டத்தில் பொறி பறக்கப் பேசுகிறவருக்கே பதவி உயர்வு கொடுப்பார்கள். அப்புறம் அவர் பக்கங்களை அச்சுக்கு முடித்துக் கொடுக்கும் தேதிக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். அவர் திறமைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை வடிகட்டித் தந்த ஆள்தான் இருக்க மாட்டார்.

வ்ரீலாண்ட் ஓய்ந்துவிடவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவுக்குப் போனார். 1973-இல் உடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் ஆடைகளை வைத்துக் கண்காட்சி நடத்தினார். அடுத்தடுத்த கண்காட்சிகளில் கூடத்தில் வாசனைத் திரவியம்கூடத் தெளித்தார். வரலாற்றைத் திரிக்கிறார் என்று விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள், கூட்டமோ குறையவில்லை. அங்கே அவருடைய பதவியின் பெயர் சிறப்பு ஆலோசகர். அருங்காட்சியகத்தை நடத்தும் பொறுப்பு வேறொருவரிடம் இருந்தது.