வாட்டு மாடியில் ஒரு சீசன்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஜனவரி பிறந்து மார்ச் முடியும்வரை டிக்கோயா, பொகவந்தலாவை, திம்புள்ளப் பக்கமெல்லாம் மழை விலகி, பகலில் வறண்ட காற்றும் இரவில் எலும்பைக் குத்துகிற குளிருமாக இருக்கும். கொழுந்து குறையும், வருகிற கொழுந்தில் வாசம் ஏறும். மேற்குச் சரிவுத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் பேர் கிடைப்பது அந்த மூன்று மாதத்தில்தான். 2015இல் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் ஸ்டோரில் உதவி டீமேக்கராக, அதாவது தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த வருடம் எனக்கு இன்னொரு சீசனும் சேர்ந்து வந்தது. ஆகஸ்டில் தொடங்கி அடுத்த மே மாதம் முடிந்த இங்கிலாந்து பிரீமியர் லீக், லெஸ்டர் சிட்டி சம்பியனான அந்த சீசன். வேலையைப் பற்றி நினைத்தால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் ஞாபகம் வருகின்றன.

முதலில் எனக்குக் கிடைத்தது வாட்டு மாடியின் இரவுப் பொறுப்பு. காலையிலும் மத்தியானமும் பின்னேரமும் மடுவம் என்கிற எடைக் கொட்டகையில் நிறுத்துப் பார்த்த கொழுந்து லொறியில் வந்து இறங்கும். அதை மேல்மாடியில் நீளத் தொட்டிகளின் வலைமேல் உதிரியாகப் பரப்பி, அடியில் ஃபேன் காற்றை விட்டு வாட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போகும், மழை நாளில் இன்னும் கூட. இலையில் ஈரம் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற நேரத்தில் நிறுத்தி, விடியுமுன் கீழே இலையை முறுக்குகிற ரோலருக்கு இறக்கிவிட வேண்டும். 100 கிலோ பச்சைக் கொழுந்து கடைசியில் 21, 22 கிலோ தேயிலையாகும். வாட்டில் கெட்ட இலையை அதற்குப் பிறகு எந்த மெஷினும் திருத்தாது. ஆனால் அந்த வேலையை யாரும் பார்ப்பதில்லை. பெரிய துரை, அதாவது தோட்ட மேனேஜர், காலையில் வரும்போது இலை ட்ரையரைத் தாண்டிக் கறுத்துக் கிடக்கும்.

இரவில் நாங்கள் ஆறு பேர். ரோலரைப் பார்த்துக்கொண்டவர் முப்பது வருடம் அந்த ஸ்டோரிலேயே கழித்தவர். பகலில் டீமேக்கர் முன்னால் என்னை ‘ஐயா’ என்பார். இரவு பத்து மணிக்கு மேல் ‘தம்பி’. நான் எப்போதும் ‘மாமா’ என்றே கூப்பிட்டேன். சொந்தம் இல்லை, எங்கள் அப்பா வயது.

ஸ்டோருக்குள் போன் சிக்னல் எடுக்கிற இடம் ஒன்றுதான் இருந்தது. வாட்டு மாடியின் கடைசி ஜன்னல், மூன்றாம் தொட்டிப் பக்கம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஆரம்பிக்கிற மெட்ச் நமக்கு ஏழரை, அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் எட்டரை. சனிக்கிழமை பறித்த கொழுந்து ஞாயிறு விடியற்காலை அரைபடும், ஆகவே சனி இரவு யாருக்கும் பிடிக்காத ஷிப்ட். புதுசாக வந்தவன் என்று எனக்கே அது நிரந்தரமாகிவிட்டது. அப்படித்தான் லெஸ்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன் அந்த ஊரை வரைபடத்தில் கூடப் பார்த்ததில்லை. தோட்ட டீமில் விங்கில் ஓடியவன், ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஆடியவன், ஆனால் டீவியில் எல்லாரையும் போல பெரிய கழகங்களைத்தான் பார்த்து வளர்ந்தேன்.

லெஸ்டரின் முந்தைய வருடம் பாவம். 2014 நத்தாருக்குப் புள்ளிப் பட்டியலில் கடைசி. மார்ச் முடியும்வரையும் கடைசி. அப்புறம் மீதி ஒன்பது மெட்சில் ஏழை வென்று, 41 புள்ளியோடு 14ஆம் இடத்தில் தப்பினார்கள். 2015 ஜூலையில் க்ளோடியோ ரனியேரி பயிற்சியாளராக வந்தபோது அவர் மீதும் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அதற்கு முந்தைய வேலையில், கிரீஸ் அணி சொந்த மைதானத்தில் ஃபாரோ தீவுகளிடம் தோற்று, அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். லெஸ்டர் சம்பியனாகும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5000 தருவதாகச் சொன்னார்கள்.

ரனியேரி கேட்டது 40 புள்ளி. கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்ப அது போதும். அணி மேலே ஏறிக்கொண்டே போனபோதும் அவர் அந்த 40ஐத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அது என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது மாதத் தரப் பட்டியல், ஏல விலை, பக்கத்துத் தோட்டம் நம்மைவிட எத்தனை ரூபா கூட என்ற பேச்செல்லாம் தலையில் ஏறி, வேலைக்குப் போகவே பயமாக இருந்தது. ஏலத்தை நான் ஓட்ட முடியாது. இன்றைக்கு இறங்கிய எட்டுத் தொட்டியை நான் பார்க்கலாம். வாட்டு மாடிக் கரும்பலகையில் தொட்டி நம்பர், நிறை, பரப்பிய நேரம், வெப்பமானியின் வறண்ட குமிழ், ஈரக் குமிழ் அளவுகள் எல்லாம் சோக்கால் எழுதுவோம். அதன் வலது மூலையில் லெஸ்டரின் புள்ளியையும் எழுத ஆரம்பித்தேன்.

மாமாவுக்குப் பந்தில் பெரிய பிடிப்பு இருக்கவில்லை. அவரை இழுத்தது லெஸ்டரின் முன்வரிசை ஆட்டக்காரர் ஜேமி வார்டி. ஷெஃபீல்டில் கழகம் ஒன்று பதினாறு வயதில் வேண்டாம் என்று அனுப்பிய பையன், கை கால் முறிந்தவர்களுக்குப் போடுகிற தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சின்ன அணிக்கு வாரம் 30 பவுணுக்கு ஆடியவர் என்று சொன்னேன். மாமா கையில் இருந்த தூரிகையை வைத்துவிட்டுக் கேட்டார்:

“ஸ்டோருல வேல பாத்தவனா? நெசமாவா தம்பி?”

நிஜம்தான் என்றேன். பவுண் எவ்வளவு என்று கேட்டார். 200 ரூபாவுக்கு மேல் என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டார். அப்போது எங்கள் நாட்சம்பளம் வரவுக்கொடுப்பனவெல்லாம் சேர்த்து 620 ரூபா. வாரம் ஆறு நாளும் வேலைக்குப் பேர் விழுந்தாலும் 3720. வார்டியின் பந்துக் காசு மட்டும் 6000ஐத் தாண்டியது. “அப்ப அவென் நம்மளவிட நல்லாத்தான் இருந்திருக்கான்” என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, கணக்கைச் சொன்னார். முப்பது வருடம் ரோலருக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் அப்படிச் சொன்னதை என்னால் இன்றுவரை தாங்கிக்கொள்ள முடிவதில்லை. கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சோடு முடிந்துவிட்டிருந்தது. 1000 ரூபா கேட்டு ஜூலையில் மெதுவாக வேலை செய்யும் போராட்டமும் நடந்தது. ஆகஸ்டில் பிரீமியர் லீக் தொடங்கி, மே மாதம் 38 மெட்சும் முடிந்த பிறகும் புது ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. 2016 ஒக்டோபரில்தான் 730 என்று வந்தது. ஆயிரத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வார்டி கோல் போட்டானா என்று மாமா தானே கேட்பார். தொடர்ந்து 11 மெட்சில் போட்டார் வார்டி. பத்து மெட்ச் என்ற ரூட் வான் நிஸ்டல்ரோயின் சாதனையை நவம்பர் 28ஆம் திகதி, அவருடைய பழைய கழகமான மன்செஸ்டர் யுனைட்டடுக்கு எதிராகவே வார்டி தாண்டினார். அன்றைக்கு நான் படியில் பாதி தூரம் இறங்கி, விரலால் பதினொன்று காட்டினேன். ரோலர் சத்தத்தில் பேச்சுக் கேட்காது.

ஜனவரி 2, சனிக்கிழமை. போர்ண்மத்தோடு மெட்ச், லெஸ்டரின் மஹ்ரேஸ் பெனால்டியைத் தவறவிட்டு, கோல் இல்லாமல் சமநிலை. ஆனால் அந்த ஒரு புள்ளியோடு 40 வந்துவிட்டது. இருபதாவது மெட்ச் அது. பலகையில் 40 என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. எங்கள் சீசனும் அந்த வாரம்தான் திறந்தது.

இனிச் சொல்லப்போவது என் பிழை. பெப்ரவரி 6, மன்செஸ்டர் சிட்டி மைதானத்தில் லெஸ்டர். நமக்குப் பின்னேரம் ஆறே கால். மூன்றே நிமிடத்தில் லெஸ்டரின் ஹூத் கோல் போட்டார், பாதி நேரத்துக்குப் பின் மஹ்ரேஸ், அப்புறம் தலையால் மறுபடியும் ஹூத். 3–1. நான் கடைசி ஜன்னலில் போனோடு நின்றேன். எனக்குப் பக்கத்திலேயே மூன்றாம் தொட்டி. அதில் இருந்தது காலை நிறுவைக் கொழுந்து. பகல் முழுக்கக் காற்று வறண்டு கிடந்ததால் ஏழு மணிக்கே அதன் ஃபேனை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது, அது எனக்குச் சத்தமாகவே படவில்லை.

எட்டரைக்கு மாமா மேலே வந்தார். தொட்டியின் ஓரத்தில் ஒரு கை அள்ளிப் பொத்திப் பிடித்தார். நல்ல வாட்டு இலை பொத்தினால் சத்தம் போடாது. பட்டுத்துணி மாதிரி உருண்டையாக அடங்கி, கையைத் திறந்தால் மெல்ல மெல்ல விரியும். காம்பை மடித்தால் ஒடியாமல் வளையும். இது சரசரத்தது. கையைத் திறந்ததும் ஓரங்கள் பொடியாக உதிர்ந்தன. மாமா என்னைத் திட்டவில்லை. அந்தக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பழ வாசம் வரவேண்டிய இடத்தில் காய்ந்த வைக்கோல் வாசம் வந்தது.

ஃபேனை நிறுத்தி, ஓரத்து இலையை நடுவோடு கலந்து, செய்யக்கூடியதையெல்லாம் செய்தோம். விடியற்காலை ரோலரில் அந்த இலை முறுக்கேறாமல் உடைந்து சப்பையாக விழுந்தது. தூளைத் தனியாகப் பிரித்து வைத்தோம். காலையில் டீமேக்கரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார், எழுதினேன். எங்களுக்கு வருடத்தில் கிடைப்பதே அந்த மூன்று மாதத்து வாசம். அதில் ஒரு தொட்டி. வெயிலில் கொத்துக் கொத்தாகக் கிள்ளிக் கூடையில் போட்ட பெண்களின் ஒரு முழுக் காலை. அன்றிலிருந்து மெட்ச் இருக்கிற இரவுகளில் போனை ஜன்னல் படியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தொட்டியையும் தொட்டுப் பார்த்து ஒரு சுற்று வந்தபிறகுதான் ஸ்கோரைப் பார்ப்பேன். இன்றைக்கும் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது வெப்பமானியை அல்ல, பொத்திப் பிடிக்கிற கையை.

அந்தச் சுற்றுகள் வழியாகத்தான் லெஸ்டரின் மார்ச் மாதம் எனக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். வொட்ஃபோர்ட் 1–0. நியூகாசில் 1–0. கிரிஸ்டல் பலஸ் 1–0. ஏப்ரல் பிறந்து சவுத்ஹாம்ப்டன், அதுவும் 1–0. நான்கு மெட்சில் நான்கு கோல், 12 புள்ளி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதிரணி பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும், இவர்கள் வரிசை குலையாமல் நிற்பார்கள், காந்தே ஓடி ஓடிப் பந்தைப் பறிப்பார். சவுத்ஹாம்ப்டனுக்கு எதிராக அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் தலைவர் வெஸ் மோர்கன். அந்த சீசன் முழுக்க ஒரு நிமிடம் கூட வெளியே உட்காராமல் ஆடியவர் அவர். ஏறக்குறைய அதே பதினொரு பேர்தான் வாரா வாரம் இறங்கினார்கள். நாங்கள் ஆறு பேரும் அப்படித்தான். இருட்டில் யார் படியேறுகிறார்கள் என்று காலடியில் தெரியும். ட்ரையர்க்காரர் இருமினால் அடுப்புக்கு விறகு போடப் போகிறார் என்று அர்த்தம். புதிதாக ஒருவரை மாற்றிப் போட்ட இரண்டு வாரம் எங்களுக்கு எதுவுமே சரியாக ஓடவில்லை.

மே 2, திங்கள். முதல் நாள் யுனைட்டடோடு 1–1, பலகையில் 77. செல்சியை டொட்டன்ஹாம் வெல்லாவிட்டால் லெஸ்டர் சம்பியன். நமக்கு அது நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ஏப்ரல் மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டுகிற காலம், எட்டுத் தொட்டியும் நிரம்பி வழிந்தது, காற்றில் ஈரம். சுற்று வந்துகொண்டே இருந்தேன். பாதி நேரத்தில் டொட்டன்ஹாம் 2–0. சரி, இன்றைக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டு ஐந்தாம் தொட்டியைக் கிளறப் போனேன். திரும்பி வந்தால் செல்சியின் கேஹில் ஒன்று போட்டிருந்தார்.

இரண்டு மணி சுமாருக்கு மாமா மேலே வந்தார். ரோலருக்கு முதல் தொட்டி பதமா என்று பார்க்கத்தான் வந்திருப்பார். கொழுந்தைப் பொத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். செல்சியின் ஹஸாட் பந்தை வளைத்து மேல் மூலையில் போட்டபோது போனைப் பிடித்திருந்தது அவர்தான். 2–2. இலைச்சாயம் ஏறி வெடித்திருந்த அந்தப் பெருவிரல் திரையின் பாதியை மறைத்திருந்தது, விலக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி விசில் வரை இருவரும் அப்படியே நின்றோம்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு மாமா. அவங்கதான்.”

போனை என் கையில் தந்துவிட்டு, பலகைக்குப் போய் சோக்கை எடுத்தார். 77க்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். பிறகு முதல் தொட்டியின் ஃபேனை நிறுத்தி, இலையை வாரத் தொடங்கினார். நான் அந்தப் பக்கத்தில் பிடித்தேன். முதல் ரோலர் ரெண்டரைக்கு ஏறியது.