தும்மல் மாத்திரை கேட்பவர்களிடம் நான் கேட்பவை

காரைக்குடியில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு, ஊரில் எந்தப் பெரிய வீடு திறந்திருக்கிறது என்பது பத்திரிகை வைக்காமலே தெரிந்துவிடும். வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கல்யாணத்துக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ, நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கோ திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். முகப்பைக் கூட்டி, வளவு முற்றத்தைக் கழுவி, இரண்டாங்கட்டு அறைகளில் அடுக்கிக் கிடக்கும் பித்தளை, எனாமல் சாமான்களையும் பழைய ஜமுக்காளங்களையும் எடுத்து வெளியே போட்டால், அன்றைக்குச் சாயங்காலமே கடைக்கு வந்துவிடுவார்கள். மூக்கு சிவந்திருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டே, "தும்மல் மாத்திரை ஒரு அட்டை குடு ஆத்தா" என்பார்கள்.

நான் உடனே கிழித்துக் கொடுப்பதில்லை. மாத்திரை யாருக்கு, அவர் வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், போட்டுக்கொண்டு என்ன வேலை பார்க்கப் போகிறார் என்று கேட்பேன். பலருக்கு இது பிடிக்காது. "மாத்திரை கேட்டா ஜாதகம் கேக்குறியே" என்று ஓர் ஆச்சி சத்தம் போட்டிருக்கிறார்கள். கேட்கட்டும், திட்டட்டும். அலர்ஜி மாத்திரையைச் சாதாரண மிட்டாய் மாதிரி வாங்கிப் போகிற பழக்கம் நம் பக்கம் ரொம்பவே ஊறிப்போயிருக்கிறது.

தூசி, பூசணம், வவ்வால் எச்சம், சீமைக்கருவேல மகரந்தம் என்று ஏதோ ஒன்று மூக்கில் ஏறும்போது, ஒத்துக்கொள்ளாத உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடுகிறது. அது போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களில்தான் அரிப்பு, தும்மல், நீர் வடிதல் எல்லாம் கிளம்புகின்றன. மாத்திரை செய்வது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. ஹிஸ்டமின் வருவதற்குள் அந்த இடத்தில் இது உட்கார்ந்துவிட்டால் நல்லது. அதனால் தூசிக்கு அலர்ஜி உண்டு என்று தெரிந்தவர்கள், நாள் முழுக்கத் தும்மிவிட்டு ராத்திரி போடுவதைவிட, தூசி தட்டப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்வதே பலன் தரும். மூக்கு அடைப்புக்கு இந்த மாத்திரைகள் அவ்வளவாக உதவாது. அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்கள் இருக்கின்றன, டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டியவை.

கொஞ்சம் வயதானவர்களுக்கு அலர்ஜி என்றால் அவில்தான். அதிலுள்ள பெனிரமின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின் எல்லாம் பழைய தலைமுறை மருந்துகள். அரிப்பை நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் மூளைக்குள்ளும் போகும். தூக்கம், வாய் உலர்தல், மந்தம் எல்லாம் அதனால் வருகின்றன. ராத்திரி போட்டாலும் மறுநாள் காலை வரை அந்த மந்தம் இழுக்கும். போட்டவருக்கே அது தெரியாமல் இருப்பதுதான் வம்பு. "எனக்கு ஒண்ணும் தூக்கம் வரலையே" என்பார், பிரேக்கில் கால் வைப்பது மட்டும் தாமதமாகும். பின்னால் வந்த செட்ரிசின், லெவோசெட்ரிசின் ஆகியவற்றில் தூக்கம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. லோரடடின், ஃபெக்சோபெனடின் அதைவிடக் குறைவு.

ஒரு கல்யாண சீசனில் வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர் வந்தார். கழுத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. அவில் கேட்டார்.

"அண்ணே, ராத்திரி வண்டி எடுக்கிறீங்களா?"

"ஆமா, மூணு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்ல ஆள் ஏத்தணும்."

"வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

சட்டைப் பையிலிருந்து கசங்கிய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். கல்யாண வீட்டில் யாரோ கொடுத்த சளி மாத்திரை. மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று போட்டிருந்தார். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினேன்: பாரசிட்டமால், ஃபீனைல்எஃப்ரின், குளோர்பெனிரமின். அவர் கேட்ட அவிலின் சொந்தக்கார மருந்து ஏற்கெனவே இரண்டு தடவை உள்ளே போயிருந்தது. அதற்கு மேல் இதையும் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் புதுக்கோட்டை வழியாக வண்டி ஓட்டப் போகிறார். மாத்திரை தரவில்லை, டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி அவருடைய முதலாளியிடம் போனிலும் பேசினேன். முதலாளி என்னைத்தான் திட்டினார். ஆனாலும் ஆளை மாற்றிவிட்டார்.

என் அனுபவத்தில் அதிகம் தொல்லை கொடுப்பது இந்த இரட்டிப்புதான். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர்கள், பின்பக்கம் பார்த்தால் ஒரே மருந்து. சளி மாத்திரையில் ஒன்று, இருமல் சிரப்பில் ஒன்று, அரிப்புக்கு என்று தனியாக வாங்கியதில் ஒன்று. அதோடு ராத்திரி நண்பர்களோடு உட்கார்ந்து கொஞ்சம் குடித்தால் கேட்கவே வேண்டாம். தூக்க மாத்திரை, மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

வயதான ஆண்களிடம் நான் கூச்சப்படாமல் கேட்கும் இன்னொரு கேள்வி, "ஐயா, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா?" ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்குப் பழைய வகை மாத்திரை சிறுநீரை அடைத்துவிடும். படைப்புக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு ராத்திரி அப்படி அடைத்து, விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் டியூப் போட வேண்டியதாகிவிட்டது. சளி மாத்திரைதான் சாப்பிட்டார். சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செட்ரிசின்கூட அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும், அது பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு இருக்கிற ஊர் இது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறைய.

குழந்தைகள் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். குளோர்பெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். அதற்குப் பிறகும், "பிள்ளை பஸ்ஸுல அழாம தூங்கணும், சிரப் ஏதாவது குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அதற்கு இல்லை என்பதுதான் என் பதில். தூங்க வைப்பதற்காகக் கொடுத்த மருந்தில் மூச்சு மந்தமாகிப் போன குழந்தைகளைப் பற்றி மருத்துவம் படித்தவர்கள் சொல்வார்கள்.

எல்லா அரிப்புக்கும் இந்த மாத்திரை சரிவராது. ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் செய்யும் அக்கா ஒருவர் கையைக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் தடித்துப் போயிருந்தது. கண்ணாடியின் மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிக் கையாலேயே செய்கிற வேலை அது, கை காய்வதே இல்லை. செட்ரிசின் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப் போயிருந்தார். சிமெண்டில் இருக்கும் குரோமியத்தால் வருகிற தோல் அலர்ஜிக்குப் பின்னால் ஹிஸ்டமின் அவ்வளவாக இல்லை, அது மெதுவாகக் கிளம்பும் வேறு ரகம். தோல் டாக்டரும் கையுறையும்தான் அதற்கு வழி. புதுவயல் ரைஸ்மில்லில் தவிட்டுத் தூசியில் நிற்கிறவர்களுக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அதுவும் மாத்திரையில் தீராது, இன்ஹேலர் தேவைப்படலாம்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கிற பையன் அலர்ஜி மாத்திரையைத் தினமும் ஒன்று என்று மாதக்கணக்காகப் போட்டு வந்தான். திடீரென்று நிறுத்தியதும் உடம்பெல்லாம் அரித்தது, மாத்திரை தீர்ந்ததால் அலர்ஜி திரும்பிவிட்டது என்று நினைத்தான். செட்ரிசின், லெவோசெட்ரிசினை நீண்ட நாள் சாப்பிட்டு நிறுத்துகிறவர்களில் சிலருக்கு, அபூர்வமாக, இப்படிக் கடுமையான அரிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்தது. டாக்டரிடம் அனுப்பினேன், படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஃபெக்சோபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, வெறும் தண்ணீர் போதும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல்லும் அதைத் தடுக்கும், இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். அலர்ஜி டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் எத்தனை நாளைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூட்டிய வீடுகளில் கதண்டு என்கிற பெரிய குளவியின் கூடு இருக்கும். கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் மாத்திரை சரி. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ என் கடைக்கு வரவே வேண்டாம், 108-க்கு போன் போடுங்கள். அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து வைப்பது அட்ரினலின் ஊசிதான். "அவில் போட்டுப் படுத்துப் பாக்கலாம்" என்று காத்திருக்கிற அரைமணி நேரம் ஆளையே கொண்டுபோய்விடும்.

வீடு திறக்க வருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லி அனுப்புவேன். இதுவரை போட்டுப் பழகாத மாத்திரையை முகூர்த்தத்தன்று காலையில் முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டு நாள் முன்னால், எங்கேயும் போக வேண்டியில்லாத ஒரு ராத்திரி போட்டுப் பாருங்கள், தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்துவிடும். ஜாதகம் கேட்கிறாய் என்று சத்தம் போட்ட அந்த ஆச்சி இப்போதெல்லாம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தன் பிரஷர் மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கூடவே, "கேள்வி எல்லாம் கேட்டு முடிச்சிட்டு எடுத்து வை" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் வரும்.