வீடியோ பார்த்து பாக்சிங் படிக்கிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கல்லூரிப் போட்டிக்குத் தயாராகும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, யூடியூபில் யாரைப் பார்க்கலாம்?" கேட்பதில் தப்பில்லை. எங்கள் பக்கம் ரிங் வேண்டுமென்றால் பாலக்காட்டுக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். மாஸ்டர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிடைத்தாலே பெரிது. மற்ற நாட்களில் தென்னந்தோப்பு, மொட்டை மாடி, கையில் ஒரு போன், அவ்வளவுதான். நானும் பாதிக்குப் பாதி போனில்தான் படித்தேன். ஆனால் யாரைப் பார்ப்பது என்பதைவிட, பார்க்கும்போது கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஹைலைட்ஸ் பார்ப்பதை விடுங்கள். நாக்அவுட் தொகுப்புகளில் குத்து விழும் நொடி இருக்கும். அந்தக் குத்துக்கு வழி செய்த வேலை முழுவதும் வெட்டப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியதோ அந்த வெட்டப்பட்ட பகுதி.

2023 ஜூலையில் டோக்கியோவில் நவோயா இனோவே, ஸ்டீபன் ஃபுல்டனை 8ஆவது ரவுண்டில் சாய்த்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிப்பில் தெரிவது ஒரு ரைட் (வலது கைக் குத்து), அதற்குப் பின்னால் பாய்ந்து வரும் லெஃப்ட் ஹுக் (இடது கையை வளைத்துப் பக்கவாட்டில் போடும் குத்து). முழுச் சண்டையைப் போட்டுப் பாருங்கள். ஃபுல்டன் உயரமானவர், கை நீளம் அதிகம். அவர் வயிற்றுக்கு இனோவே ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து, போட்டுக்கொண்டே இருப்பார். பெரிதாக வலிக்கும் குத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஃபுல்டனின் கவனம் கொஞ்சம் கீழே இறங்குகிறது. 8ஆவது ரவுண்டில் அதே தாழ்ந்த ஜாப் போகிறது, அதே மாதிரி கவனம் இறங்குகிறது, இந்த முறை பின்னாலேயே ரைட் மேலே வருகிறது. அந்த இடத்தைக் கால்பங்கு வேகத்தில் ஓட விட்டு, இனோவேயை விட்டுவிட்டு ஃபுல்டனை மட்டும் பாருங்கள். அடி வாங்குகிறவன் எதை நம்பினான் என்பது அவன் கையிலும் கண்ணிலும் தெரியும். என்னைக் கேட்டால் ஒரு சண்டையில் பாதிப் பாடம் தோற்றவனிடம்தான் இருக்கிறது. ரசிகர்கள் அவனைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து கால். எங்கள் மாஸ்டர் மலையாளி. எந்த வீடியோவைக் கொண்டு போய்க் காட்டினாலும் "காலு நோக்கெடா" (காலைப் பாருடா) என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எரிச்சலாக இருக்கும். ஆனால் திரையின் மேல் பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு முழுக்க ஷூக்களை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது புரியும். வாசில் லோமசென்கோவுக்கு இதைச் செய்து பாருங்கள். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய உக்ரைன்காரர். குத்து போய்ச் சேர்வதற்குள் அவருடைய முன்கால் எதிராளியின் முன்காலுக்கு வெளியே போய் நின்றிருக்கும். எதிராளி திரும்புவதற்குள் இவர் பக்கவாட்டில் இருப்பார். சிறுவயதில் அப்பா இவரை பாக்சிங்கிலிருந்து நிறுத்தி, உக்ரைன் நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பினார் என்பது பாக்சிங் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் பக்கத்திலும் ஒயிலாட்டம் ஆடிப் பழகிய பையன்களுக்கு ஃபுட்வொர்க் சீக்கிரம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு எச்சரிக்கை. எல்லோரும் முதலில் காப்பியடிக்கப் பார்ப்பது ஃபிளாய்ட் மேவெதரைத்தான். இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே தொங்கவிட்டு, வலது கையைக் கன்னத்தோடு வைத்து, தாடையை இடது தோளுக்குப் பின்னால் ஒளித்து நிற்கிறாரே, அது. பார்க்க அலட்சியமாக இருப்பதால் சுலபம் என்று தோன்றும். அந்தத் தோள் திருப்பம் முக்கியமாக எதிராளியின் வலது கையைச் சறுக்கிவிடுவதற்கானது. சவுத்பா, அதாவது வலது கையை முன்னால் வைத்து ஆடும் இடது கைக்காரன், வந்து நின்றால் அவனுடைய பலமான கை மறுபக்கத்திலிருந்து வரும், கணக்கு மாறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் போட்டி விதி. மேவெதர் ஆடியது 12 ரவுண்டு. இரண்டு மூன்று ரவுண்டு எதிராளியைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரம் உண்டு. நமக்கு இருப்பதோ 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. முதல் ரவுண்டில் தோளைத் திருப்பிக்கொண்டு நின்றால் நடுவர்கள் அதை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் இரண்டாவதைக் கட்டாயம் ஜெயித்தாக வேண்டும். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை அடிக்கவிட்டு, கயிற்றில் சாய்ந்து களைப்படைய வைத்த அலியின் தந்திரமும் இதே ரகம்தான். 15 ரவுண்டுக்குப் போட்ட திட்டம் அது. ரசியுங்கள், ரிங்குக்குக் கொண்டுவராதீர்கள். மேவெதரிடம் எடுப்பதென்றால் ஜாபை எடுங்கள், குறிப்பாக வயிற்றுக்குப் போடும் ஜாப். அது மூன்று ரவுண்டுக்கும் பொருந்தும்.

அதனால் தொழில்முறை ஆட்டங்களோடு அமெச்சூர் ஆட்டங்களையும் கலந்து பாருங்கள். 2022இல் இஸ்தான்புல்லில் நிகத் ஜரீன் உலகப் பட்டம் வென்ற 52 கிலோ இறுதிப் போட்டியில் ஐந்து நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். ரவுண்டு தொடங்கியதும் யார் முதலில் இடத்தைப் பிடிக்கிறார்கள் என்பதை அதில் கவனியுங்கள். தங்கைகளுக்கு இன்னொன்று: கேரளத்திலேயே 2006இல் உலகப் பட்டம் வென்ற கே.சி. லேகா இருக்கிறார், கண்ணூர்க்காரர். வீட்டில் யாராவது "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு" என்றால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் உடல்வாகுக்குப் பொருந்துகிறவரை எடுங்கள். குள்ளமாக, கட்டையாக இருக்கிறவன் உயரமானவரின் தூரத்து ஆட்டத்தைக் காப்பியடித்தால் கை எட்டவே எட்டாது. குள்ளமானவர் எப்படி உள்ளே நுழைகிறார் என்று படிக்க இளம் வயது டைசன் போதும்: தலை நேர்கோட்டில் நிற்காது, கைகள் கன்னத்தை விட்டு இறங்காது. சவுத்பாவோடு மோதப் போகிறவர்கள், சவுத்பாவான பாக்கியோவோடு மார்க்கேஸ் மோதிய சண்டைகள் நான்கையும் 2004இலிருந்து 2012 வரை வரிசையாகப் பாருங்கள். முதல் சண்டையின் முதல் ரவுண்டிலேயே மார்க்கேஸ் மூன்று முறை விழுந்தார். நான்காவதில் 6ஆவது ரவுண்டு முடிய ஒரு நொடி இருக்கும்போது, முன்னால் பாய்ந்து வந்த பாக்கியோவை ஒரே ரைட்டில் படுக்க வைத்தார். எட்டு வருடமாக ஒரே ஆள் ஒரே மாதிரி உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் குத்து அது.

மதிப்பெண் போடும் பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். வர்ணனையை ம்யூட் செய்துவிட்டு, ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று நோட்டில் எழுதுங்கள். வர்ணனையாளர் கத்துவதைக் கேட்டால் கண் அவர் பக்கம் சாய்ந்துவிடும். 2024 மே மாத உசிக்–ஃபியூரி சண்டை இதற்கு நல்ல பரீட்சை. இரண்டு நடுவர்கள் உசிக்குக்கு 115–112, 114–113 என்றும், ஒருவர் ஃபியூரிக்கு 114–113 என்றும் கொடுத்தார்கள். 9ஆவது ரவுண்டில் ரிங்குக்குள் இருந்த ரெஃபரி ஃபியூரிக்கு எண்ணிய அந்த எண்ணிக்கை (அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போகும்) இல்லாவிட்டால் உங்கள் கணக்கு எங்கே நிற்கும் என்று போட்டுப் பாருங்கள்.

பார்த்ததைக் கைக்குக் கொண்டுவருவது தனி வேலை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு அசைவு எடுங்கள். ஸ்லிப் (தலையை நகர்த்திக் குத்தைத் தவிர்ப்பது) என்றால் துணி காயப்போடும் கொடியைத் தோள் உயரத்தில் கட்டி, அதன் அடியில் தலையை இப்படியும் அப்படியும் மாற்றிக்கொண்டே முன்னால் போங்கள். கால் அசைவு என்றால் நெல் காயப்போடும் களத்தில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். அப்புறம் போனைச் சுவரில் சாய்த்து உங்களைப் படம் பிடியுங்கள். மனதில் லோமசென்கோ மாதிரி இருக்கும், வீடியோவில் குதிகால் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வீடியோவை மாஸ்டரிடம் காட்டிய பிறகே பேக்கில் (தொங்கும் குத்து மூட்டையில்) அடியுங்கள், பேக்குக்குப் பிறகே ஸ்பாரிங் (ஆளோடு பயிற்சிச் சண்டை).

ஈரல் குத்தை (எதிராளியின் வலது விலாவின் கீழே ஈரலில் விழும் குத்து) மட்டும் ஸ்பாரிங்கில் முழுப் பலத்தோடு போட்டுப் பார்க்காதீர்கள். 2004இல் ஹாப்கின்ஸ் ஈரலில் அடித்த ஒரு லெஃப்டுக்கு டி லா ஹோயா மாதிரி பெரிய சாம்பியனே எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தார். உங்களோடு ஸ்பாரிங் செய்கிறவன் மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போக வேண்டியவன்.