ஒரு துண்டுத் திசுவும் இருபது நிமிடமும்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு இ.என்.டி. தியேட்டரிலிருந்து தினமும் சின்னச் சின்ன டப்பாக்கள் வர ஆரம்பித்தன. சலைனில் மிதக்கும் திசுத் துண்டுகள், சில கறுத்தே போயிருக்கும். கருப்புப் பூஞ்சை என்று பெயர் வந்துவிட்டதே தவிர, கறுப்பு பூஞ்சையுடையது இல்லை. பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட, ரத்தம் கிடைக்காமல் செத்த திசுவின் நிறம் அது.

அந்த முதல் வாரத்தில் வந்த ஒரு சீட்டில் 'கல்ச்சர்', அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு நுனியை வெட்டி, கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க எடுத்துவைத்தேன். மீதியை, பாக்டீரியாவுக்குச் செய்கிற பழக்கத்தில், அரைத்து வளர்ப்புத் தட்டில் போட்டுவிட்டேன்.

கே.ஓ.ஹெச். திசுவைக் கரைக்க இருபது நிமிடமாவது விட வேண்டும். அப்புறம் லென்ஸில் பார்த்தால், கசங்கிய ரிப்பன் மாதிரி அகலமான இழைகள். குறுக்குச் சுவர் ஏறக்குறைய இல்லை, கிளைகள் கிட்டத்தட்ட செங்கோணத்தில் பிரிந்திருந்தன. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை என்றால் இழை மெல்லியதாக, சுவர்களோடு, கூர்கோணத்தில் பிரியும். இந்த வித்தியாசம் மருந்தையே மாற்றும். ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் இதற்கு வேலை செய்யாது, ஆம்போடெரிசின் வேண்டும். உடனே வார்டுக்குப் போன் செய்தேன். அன்று மாலையே மருந்து ஏறியது.

தட்டில் மட்டும் கடைசிவரை ஒன்றும் வளரவில்லை. சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் பஞ்சு மாதிரி பொங்கி மூடியைத் தொடுகிற பூஞ்சை இது. சரியாக எடுத்த திசுவிலும் பல நேரம் வளராதுதான், ஆனால் இதில் என் கை இருந்தது என்றே நினைக்கிறேன். குறுக்குச் சுவர் இருந்தால் இழை ஓரிடத்தில் உடைந்தாலும் மற்ற அறைகள் பிழைக்கும். இதுவோ நீளக் குழாய், அரைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வடிந்து செத்துவிடும். படித்த பாடம்தான், கைக்கு வரவில்லை. எந்த ரகம் என்று அந்த நோயாளியின் ரிப்போர்ட்டில் என்னால் எழுத முடியாமலே போனது.

ரத்தப் பரிசோதனையும் கை கொடுக்காது. பூஞ்சையின் சுவர்ப் பொருளை ரத்தத்தில் தேடும் கேலக்டோமன்னன், பீட்டா டி குளுக்கன் சோதனைகள் இரண்டுமே இந்தப் பூஞ்சையைக் காட்டாது. அந்தத் துண்டுத் திசுதான் எல்லாம்.

இப்போது பிளேடால் பொடிப்பொடியாக நறுக்குகிறேன், அரைப்பதில்லை. சீட்டில் விவரம் இல்லாவிட்டால் தியேட்டருக்கே போன் போட்டுவிடுவேன்: "டாக்டர், பூஞ்சை சந்தேகமா? ஃபார்மலின்ல போட்டுடாதீங்க, ஒரு துண்டு சலைன்ல தனியா குடுங்க. நான் இங்கயே இருக்கேன்."