ஊதாத் திரை இல்லாத உணவகம்

பாரிஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அந்த நாட்டுப்புற உணவகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். பாத்திரம் கழுவுவதற்குச் சேர்ந்தவன், மூன்றாம் ஆண்டில் இனிப்புப் பகுதிக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குக் குசினி என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்தும் சமையலறைக்கு ஏறக்குறைய அதே ஓசை வந்தபோது, மொழி பிடிபடாத அந்த முதல் மாதங்களில் ஒரு சொல்லாவது என் பக்கம் நின்றது.

உரிமையாளரை எல்லோரும் மதாம் என்றே அழைப்போம். தெற்கே ப்ரோவான்ஸ் பகுதியில், வாந்தூ மலையைப் பார்த்தபடி பாறை முகட்டில் அமர்ந்திருக்கும் ஸோ அவருடைய ஊர். லாவெண்டர் என்னும் ஊதா நிற மணப்பூவுக்குப் பெயர்போன பழைய ஊர். அதன் நினைவாகவே உணவகத்தைத் தொடங்கியிருந்தார். வருகிறவர்கள் ஊதாத் திரையும் ஊதா மேசைவிரிப்பும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். ஒன்றும் இருக்காது. காவிமண் கலந்த சுண்ணாம்பு பூசிய சுவர், வாசலில் தேய்ந்துபோன ஒரு சிறிய அரிவாள், அதன் கீழே ஆணியில் தொங்கும் பழைய கித்தான் துணி. "பார்க்க வருகிறவர்களுக்கு அது பூ. எங்கள் வீட்டில் அது முதுகுவலி" என்று ஒருநாள் சொன்னார்.

அவருடைய தாத்தா சிறுவனாக இருந்த காலத்தில் பெரும்பகுதி லாவெண்டர் வயலில் வளரவில்லை. மலைச்சரிவில் தானாக முளைத்ததை ஆடு மேய்ப்பவர்களும் ஏழைக் குடும்பங்களும் அறுத்து, துணியில் மூட்டை கட்டிச் சுமந்து, எண்ணெய் வடிப்பவர்களிடம் விற்றார்கள். கிராஸ் நகரத்து வாசனைத் திரவியத் தொழில் வளர்ந்து கேட்கக் கேட்கத்தான் அது வரிசை வரிசையாக நடப்படும் பயிரானது. பனையை நம்பிப் பிழைத்த ஊரிலிருந்து வந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனிப்புப் பகுதிக்கு வந்த முதல் கோடையில் என் கையால் ஒரு தவறு நடந்தது. சனிக்கிழமை இரவு ஒரு குடும்ப விருந்து, முப்பது பேர். லாவெண்டர் போட்ட க்ரேம் ப்ரூலே, அதாவது மேலே சர்க்கரையைக் கருக்கிய கிரீம் இனிப்பு, கேட்டிருந்தார்கள். பெயருக்கேற்ற மணம் வேண்டாமா என்று எண்ணி, காய்ந்த பூவைக் கைநிறைய அள்ளிச் சூடான கிரீமில் போட்டு, இருபது நிமிடம் ஊறவிட்டேன். மதாம் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். சத்தம் போடவில்லை. "இது சோப்பு" என்று மட்டும் சொன்னார். முப்பது கிண்ணங்களும் குப்பைக்குப் போயின. அவசரமாக ஆப்ரிகாட் பழத்தைத் தேனில் வதக்கி விருந்தைச் சமாளித்தோம்.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் அவர் இரண்டு காம்புகளை என் பலகையில் வைத்தார். ஒன்றில் ஒரே தண்டு, நுனியில் ஒரே கதிர். மற்றதில் நடுத்தண்டின் இரு பக்கமும் சிறு கிளைகள், அவற்றிலும் பூ. முதலாவது உண்மையான லாவெண்டர், உயரமான மலைப்பகுதிக்கு உரியது. இரண்டாவது லவாண்டின், கலப்பினம். விதை பிடிக்காது, வெட்டுத்துண்டு வைத்துத்தான் வளர்க்க வேண்டும். விளைச்சல் மிக அதிகம், ஆனால் மணத்தில் கற்பூரம் ஏறியிருக்கும். சுற்றுலாப் படங்களில் அடிவானம் வரை ஊதாவாக நீள்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. நான் அள்ளிப் போட்டதும் அதுதான். அலமாரியில் அலங்காரத்துக்காக வைத்திருந்த பையை எடுத்துவிட்டேன்.

ப்ரோவான்ஸ் மூலிகைக் கலவையிலேயே லாவெண்டர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிரான்ஸின் தரச்சான்றான சிவப்பு முத்திரை பெற்ற கலவையில் ரோஸ்மேரி, ஒரிகானோ, சேவரி, தைம், சிறிது பேசில் ஆகியவையே உண்டு, லாவெண்டர் இல்லை. அந்த ஊர் வீடுகளில் அதை அலமாரித் துணிகளுக்கு நடுவே வைப்பார்கள், தேனில் ருசிப்பார்கள். அடுப்புக்கு வந்தால், சாம்பாரில் பெருங்காயம் போல, இருப்பது தெரியாமல் இருக்க வேண்டும். எங்கள் உணவகத்தில் ஸோ ஊரை உண்மையில் தட்டுக்குக் கொண்டுவந்தது சின்ன எபோத்ர் என்னும் உமியுள்ள பழங்காலக் கோதுமைதான். லாவெண்டர் வயலுக்கு அடுத்த வயலில் விளைவது. ஆட்டிறைச்சிச் சாற்றில் மெதுவாக வெந்து, வாயில் சற்று நெருநெருவென்று நிற்கும். நான் அங்கே சமைத்தவற்றில் மனதார விரும்பியது அதுதான்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் என்னையும் ஊருக்கு அழைத்துப் போனார். ஆகஸ்ட் 15 அன்று அங்கே லாவெண்டர் திருவிழா; அரிவாளால் அறுக்கும் போட்டியும் நடக்கும். வாந்தூ மலையின் உச்சியில் கோடையிலும் பனி கிடக்கிறது என்று நினைத்தேன், அது வெள்ளைச் சுண்ணாம்புக்கல். போட்டிக்கு முந்தின நாள், மதாமின் அண்ணன் தம் வயலோரத்தில் என்னிடம் ஓர் அரிவாளைக் கொடுத்தார். தண்டுகளை இடக்கையால் சேர்த்துப் பிடித்து, அரிவாளைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். நான் பூவில் மொய்த்த தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பூவைப் பார்க்காதே, விரலைப் பார்" என்றார். அவர் ஒரு வரிசையை முடித்துத் திரும்பியபோது என் கையில் நான்கைந்து பிடிகள் இருந்தன, முதுகு நிமிரவில்லை.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எவ்வளவு பூ வேண்டும் என்று கேட்டேன். நல்ல வகையென்றால் ஏறத்தாழ 130 கிலோ, லவாண்டின் என்றால் 40 கிலோ போதும் என்றார். நான் அறுத்த பிடிகளைத் தராசில் வைத்தார். ஒரு கிலோகூட வரவில்லை.

திரும்பி வந்ததும் என் குறிப்பேட்டை எடுத்து, க்ரேம் ப்ரூலே பக்கத்தில் 'ஒரு கைப்பிடி, 20 நிமிடம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுதினேன்: 'ஒரு லிட்டர் கிரீமுக்கு ஒரு தேக்கரண்டி. அடுப்பை அணைத்த பிறகு போடவும். ஐந்து நிமிடத்தில் வடிகட்டவும். காம்பைப் பார்த்து வாங்கவும்.'