ஸ்வார்ட்லாண்டில் ஒரு கைப்பிடி மண்

கேப் டவுனிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் ஸ்வார்ட்லாண்ட் வந்துவிடுகிறது. பெயருக்குக் கறுப்பு நிலம் என்று பொருள். ரெனோஸ்டர்போஸ் என்ற புதர் மழைக்குப் பின் கருத்துத் தெரிவதால் வந்த பெயராம். நான் போனது பிப்ரவரியில், ஒயின் திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்தது.

முதலில் பார்டபெர்க் மலைச்சரிவு. இங்கே கொடிக்குப் பந்தல் கிடையாது, கம்பியும் கிடையாது. முழங்காலைத் தாண்டிய உயரத்தில் குத்துச்செடிபோலத் தனித்தனியே நிற்கிறது. முழுக்க மானாவாரி. மழை குளிர்காலத்தோடு சரி. கோடை முழுவதும் வறட்சிதான். எல்லாமே செனின் பிளாங்க், தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை. உள்ளூர்க்காரர்களுக்கு அது 'ஸ்டீன்'.

மண்ணை அள்ளினேன். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கிரானைட் பாறை மக்கிய மணல் அது. மழைநீர் மேலே நிற்காமல் கீழே இறங்கிவிடும், அதைத் தேடி வேரும் இறங்கும். சத்து குறைவு என்பதால் கொடி தழைப்பதில்லை, காய்ப்பும் கம்மி.

அங்கிருந்து கஸ்டீல்பெர்க் அடிவாரம் அரை மணி நேரப் பயணம். மலையுச்சி மணற்பாறை, தோட்டங்கள் இருப்பதோ கீழே, தகடு தகடாகப் பிளக்கும் ஷேல் பாறையில். அது மக்கினால் களி கலந்த மண். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறது, ஈரத்தையும் விடாமல் வைத்துக்கொள்கிறது.

அன்று மாலை ஒரு சிறு பண்ணையில் இரண்டு மண்ணின் செனினையும் பீப்பாயிலிருந்தே ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே கைப்பக்குவம், ஒரே மாதிரிப் பழைய பீப்பாய். கிரானைட் ஒயினில் எலுமிச்சைத் தோல் வாசனை. புளிப்பு நாக்கின் நடுவே கோடு கிழித்ததுபோல ஓடியது. ஷேல் ஒயின் வாய் முழுக்கப் பரவியது, கனிந்த பேரிக்காய் மாதிரி. இவ்வளவு வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பாறையின் ருசியே ஒயினில் இறங்குகிறது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை; பாறையின் தாதுக்கள் நாக்குக்குத் தெரியுமளவு ஒயினுக்குள் போவதில்லை. மண் செய்வது வேறு வேலை. எப்போது, எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிக்கிறது. அதைப் பொறுத்து இலை அடர்கிறது, பழத்தில் வெயில் விழுகிறது, புளிப்பு தங்குகிறது அல்லது கரைகிறது.

ஆழத்து ஈரத்தை எட்ட வேருக்குப் பல ஆண்டுகள் வேண்டும். விளைச்சல் குறைந்ததென்று கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கியெறிவதைக் கேட்டபோது மனசு வலித்தது. 'ஓல்ட் வைன் புராஜெக்ட்' (பழங்கொடித் திட்டம்) என்ற அமைப்பு, 35 வயது தாண்டிய கொடிகளின் ஒயினுக்கு நட்ட ஆண்டைப் பொறித்த முத்திரை தருகிறது. நான் வாங்கிவந்த பாட்டிலின் கழுத்திலும் அது இருக்கிறது: 1978.